மிரேய் வீட்டு விருந்துக்கு விறகு

மொம்பர்னே ஊரில் மிரேய் புய்சூவின் கத்தரிக்கோல் படாத தலைகள் இரண்டே இரண்டு. ஒன்று, கோயில் பீடத்தில் நிற்கும் மாதாவுடையது. இன்னொன்று மேயருடையது, அதில் வெட்டுவதற்குக் கடவுளே ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. மற்ற தலைகள் எல்லாம் அவள் ராஜ்ஜியம்.

கடை என்று எதுவும் அவளுக்குக் கிடையாது. ஒரு வெள்ளை வேன், அதற்குள் சாயக் குழாய்கள், சுருட்டிகள், முடி உலர்த்தும் யந்திரம். பண்ணைக்குப் பண்ணை போவாள். சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கழுத்தில் துண்டைக் கட்டினாள் என்றால், வெளியே பசு கன்று போட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து போக முடியாது. "அது பாட்டுக்குப் போடட்டும். அதுக்கு என்ன, சாயமா காயணும்? நீ தலையை ஆட்டாதே" என்பாள்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்று கேட்டவர்கள் அரைக் கிராப்போடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சேற்றில் இறங்கினாலும் உதட்டில் சிவப்புச் சாயம், கழுத்தில் பட்டுத் துணி, காலில் கண்ணாடிபோல் மின்னும் ரப்பர் பூட்ஸ். கறிக்கடைத் தியெரி சொல்வான்: "மிரேய் குப்பை கொட்டப் போனாக்கூட, குப்பை எந்திரிச்சு நின்னு தொப்பியைக் கழட்டும்."

அக்டோபர் வந்துவிட்டால் அவள் வீட்டைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும். வாசற்படிகளில் பூசணிகள் ஏறும். கீழே செம்மஞ்சள், நடுவில் பச்சை, மேலே சாம்பல் நீலம். குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல் அசையாமல் நிற்கும். அலமாரிக்கு மேல் சீமை மாதுளைகள் உட்கார்ந்து வீட்டுத் துணிக்கெல்லாம் மணம் ஏற்றும். சுவரில் படர்ந்த திராட்சைக்கொடி சிவந்ததும் ஏணி போட்டு ஏறி நுனியைக் கத்தரித்துவிடுவாள். அந்தக் கொடிக்கு இருக்கும் ஒழுங்கு பாரிஸில் பல மந்திரிகளின் தலைக்கு இல்லை.

மேஜை விரிப்புகளோ கேட்கவே வேண்டாம். ஊர் ஊராகப் பரண் சாமான் விற்கும் சந்தைகளில் தேடித் தேடி வாங்கியவை. என்றைக்கோ செத்துப்போன பெண்கள் கல்யாணத்துக்கு முன் உட்கார்ந்து தங்கள் பெயரெழுத்தைத் தைத்து வைத்த கெட்டி லினன் துணிகள். விருந்தாளி கரண்டியைத் தூக்கியதுமே எச்சரிப்பாள்: "பாத்து சாப்பிடு. இந்த மேஜைல ஒம்போது மாமியாருங்க படுத்திருக்காங்க. சூப்பு சிந்துச்சுன்னா ஒருத்தி இல்ல ஒருத்தி எந்திரிச்சிடுவா."

இப்படிப்பட்டவளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு குறைதான். புனிதர் சேன் மர்தேன் நாள் விருந்து அவள் கையால் நடந்ததில்லை.

நவம்பரில் அக்ரூட் பொறுக்கி முடித்து, உலர்த்தி, மூட்டை கட்டியதும் ஊர் முழுவதும் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடும். வருடத்துக்கு ஒரு வீடு. முறை சுற்றி வருவதற்குள் ஒரு தலைமுறை ஓடிவிடும். புய்சூ வீட்டுக்குப் போன தடவை முறை வந்தபோது மாமியார் உயிரோடு இருந்தார். அவர் சமைத்தார், மிரேய் வெங்காயம் உரித்தாள். ஊர் எழுந்து நின்று மாமியாருக்குக் கைதட்டியது. மிரேய்க்குக் கிடைத்தது சிவந்த கண் மட்டும். இந்த வருடம்தான் முறை அவள் பெயரில் வந்திருக்கிறது. இதை விட்டால் அடுத்த முறைக்கு வாத்து இருக்கும், கடிக்கப் பல் இருக்காது.

மாமியார் சமைத்த அதே கல் ரொட்டி அடுப்பில்தான் தானும் வாத்து சுடுவேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். சொன்னது கிஸ்லேன் காதுக்கும் போனது. கிஸ்லேன் ஊரிலேயே பெரிய அக்ரூட் தோட்டத்துக்காரி, நீலக் கதவு போட்ட வீடு, போன வருட விருந்து அவள் வீட்டில். சாயம் பூசிய தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தாள்.

"ரொட்டி அடுப்புலயா? அது உன் மாமியாரோடயே போய்ச் சேந்துடுச்சுன்னு நெனச்சேன். பேசாம மின்சார அடுப்புல வெச்சிடு மிரேய். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டாங்களா?"

"வாயால சொல்ல மாட்டாங்க."

"தலையை நிமித்து கிஸ்லேன். காது எங்க இருக்குன்னு தெரியாம வெட்டிடப் போறேன்."

கல் ரொட்டி அடுப்பு என்றால் வாய்க்குள் கட்டையை அடுக்கி, விடியற்காலையிலிருந்து எரித்து, கல் கறுத்துப் பிறகு வெளுக்கும்வரை சூடேற்றி, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, அந்தச் சூட்டில் சுட வேண்டும். அதற்கு எலும்புபோல் காய்ந்த விறகு வேண்டும். விறகு என்றால் அர்மான்.

அர்மான் அவள் புருஷன். மரம் அறுக்கும் ஆலையில் வேலை. பேச்சில் கஞ்சன், கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்குச் சொன்ன "சரி"தான் அவன் பேசிய நீளமான பேச்சு என்பார்கள். ஆனால் விறகு அடுக்குவதில் அவனை அடிக்க அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. மொம்பர்னேயில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டுமா, அவன் விறகடுக்கைப் பார்த்தால் போதும். சாய்ந்த அடுக்கு வைத்திருப்பவனுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை, ஓட்டும் போடுவதில்லை. அர்மானோ சாலையைப் பார்த்த பக்கத்தில் கட்டைகளின் வெட்டுமுகங்களை வைத்துப் படமே வரைவான். வெள்ளைக் கட்டை, சிவப்புக் கட்டை, கறுப்புக் கட்டை என்று பொறுக்கிச் சேர்ப்பான். ஒரு வருடம் சேவல் வைத்தான். ஊர்க் கோழிகள் அங்கேயே குடியேறின. போன வருடம் காட்டுப்பன்றி வைத்தான். வேட்டைக்காரர்களின் நாய்கள் அதன் முன்னால் நின்று குரைத்துத் தொண்டை கட்டிக்கொண்டன. ஒரு வேட்டைக்காரர் துப்பாக்கியையே தூக்கிவிட்டார், அவருக்குக் கண்ணாடி அன்று மறந்துபோயிருந்தது.

இந்த வருடம் என்ன படம் என்று யாருக்கும் தெரியாது. செப்டம்பரிலிருந்தே பச்சைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தான். விருந்தன்று ஊர் கூடியதும் திறப்பானாம். மிரேய்க்கும் சொல்லவில்லை.

சிக்கல் இதுதான். வசந்தத்தில் குளிர் போகாமல் உட்கார்ந்திருந்ததில் கொட்டகையில் இருந்த காய்ந்த விறகில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. புதிதாக வந்தது பச்சை விறகு. இரண்டு கோடை வெயில் பார்த்த கட்டை அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது, தார்ப்பாய்க்குப் பின்னால். பச்சைக் கட்டையில் படம் வைத்தால் காயக் காயச் சுருங்கிப் படம் கோணிவிடும் என்று, மிஞ்சிய நல்ல கட்டையையெல்லாம் அர்மான் அங்கே கொண்டுபோய் அடுக்கியிருந்தான்.

"அதுலேர்ந்து எடு" என்றாள் மிரேய்.

"முடியாது, என் கோழிக்குஞ்சே."

"நீ கோழிக்குஞ்சுன்னு கொஞ்சினாலே எனக்குப் பயமா இருக்கு. எதையோ ஒளிக்கிறே. வாத்தை எதை வெச்சு சுடறது?"

"கொட்டகைல இருக்கே."

"அது இன்னும் மரம்! நேத்துதான் அதுலேர்ந்து குருவி பறந்துது! முசியே புய்சூ, உங்க பொண்டாட்டிக்கு வாழ்க்கைல ஒரே ஒரு விருந்து. உங்களுக்கு வருஷத்துக்கு ஒரு விறகடுக்கு. எது முக்கியம்?"

அவள் கோபத்தில் 'ஐயா' ஆகிவிட்ட முசியே புய்சூ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பத்த வெச்சுப் பாரேன். பச்சையும் எரியும்" என்றார்.

சரி, பார்த்துவிடுவோம் என்று விருந்துக்கு முந்தின நாள் மதியம் ஒத்திகை வைத்தாள். பச்சைக் கட்டையை அடுப்புக்குள் தள்ளி, பழைய செய்தித்தாள், காய்ந்த திராட்சைக்கொடிக் கத்தை, கடைசியில் கோபத்தையும் போட்டு ஊதினாள். எரிந்ததா என்றால், கட்டை அழுதது. நுனியில் நுரை தள்ளியது. பிறகு புகைந்தது. சாதாரணப் புகையா? சமையலறையில் ஆணியில் தொங்கிய செப்புப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன, ஜன்னல் மறைந்தது, அர்மான் மறைந்தான். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்து ஊரில் கோயில் மணி அடித்துவிட்டார்கள். யாரோ தீயணைப்புக்குப் போன் செய்தார்கள்.

மொம்பர்னேயின் தீயணைப்புப் படை ஊர்த் தொண்டர்கள்தான். தலைவன் கறிக்கடைத் தியெரி. இரத்தக்கறை ஏப்ரனுக்கு மேல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சிவப்பு வண்டியில் வந்து இறங்கினான். வண்டிக்குப் பின்னால் மேயர், மேயருக்குப் பின்னால் கிஸ்லேன், அவளுக்குப் பின்னால் அக்ரூட் பொறுக்கும் கூட்டம் முழுக்க. நாளைக்கு வர வேண்டிய விருந்தாளிகள் ஒருவர் மிச்சமில்லாமல் இன்றைக்கே வந்துவிட்டார்கள்.

"எங்க எரியுது?" என்று கத்தினான் தியெரி.

"எரிஞ்சாத்தான் நல்லதாச்சே!" என்று புகைக்குள்ளிருந்து மிரேயின் குரல் வந்தது. குரலைத் தொடர்ந்து அவள் வந்தாள். கரிபடிந்த முகம், கண்ணில் நீர், அதிலும் உதட்டுச்சாயம் மட்டும் இம்மி கலையவில்லை.

"அடக் கடவுளே" என்றாள் கிஸ்லேன். குரலில் இரக்கம் ஒரு கரண்டி, சந்தோஷம் ஒரு குடம். "நான்தான் சொன்னேனே, மின்சார அடுப்புன்னு. சரி போகட்டும். எங்க கொட்டகைல மூணு வருஷம் காஞ்ச ஓக் கட்டை கெடக்கு. டிராக்டர்ல ஒரு வண்டி அனுப்பறேன். ஊர்க்காரிக்கு ஊர்க்காரி உதவலைன்னா எப்படி?"

மிரேய்க்கு உலகம் ஒரு நிமிடம் நின்றது. விறகு நல்ல விறகு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவளுக்கு இன்னும் முப்பது வருடம் தெரிந்தது: எந்தச் சமையலறையில் யார் தலைக்குச் சுருட்டி மாட்டினாலும், "அந்த வாத்தா? கிஸ்லேன் கட்டைல வெந்துதே, அதுதானே?"

எல்லோர் முன்னாலும் அவள் நேராகச் சாலைப் பக்கம் நடந்தாள். தார்ப்பாயின் கயிற்றைப் பிடித்தாள்.

"மிரேய், வேணாம்!" என்றான் அர்மான். அதைவிடச் சத்தமாக அவன் பேசி ஊர் கேட்டதில்லை.

ஒரே இழுப்பு. தார்ப்பாய் சரிந்து விழுந்தது.

விறகடுக்கில் ஒரு பெண் முகம். இரண்டு ஆள் உயரம். வெள்ளைக் கட்டையில் நெற்றி, செர்ரிக் கட்டையில் கன்னமும் உதடும், அக்ரூட் மரத்தின் கறுத்த வைரக்கட்டையில் அலையலையாகக் கூந்தல், முசுக்கட்டை மரத்தின் மஞ்சளில் காதுத் தோடு. கழுத்தில் பிளம் மரத்தின் ஊதா நிறத்தில் ஒரு பட்டுத் துணி. அந்தத் துணியைப் பார்த்ததும் நாய்க்குக்கூடப் புரிந்துவிட்டது யாரென்று.

தீயணைப்பு வண்டியின் விளக்கு சுற்றிச் சுற்றி அந்த முகத்துக்கு வெளிச்சம் போட்டது. தியெரி தலைக்கவசத்தைக் கழற்றினான்.

மிரேய் அசையாமல் நின்றாள். ஊர் அவள் வாயையே பார்த்தது.

"வகிடு தப்பு" என்றாள்.

"என்னது?" என்றான் அர்மான்.

"வகிடு! எனக்கு எடது பக்கம். முப்பது வருஷமா ஒரே கட்டில்ல படுத்திருக்கே, வகிடு எந்தப் பக்கம்னு தெரியாதா?"

"நான் உன்னைக் கண்ணாடில பாத்துதான் மனசுல வெச்சுக்கிட்டேன். நீ எப்பவும் கண்ணாடி முன்னாடிதானே இருக்கே."

ஊர் வெடித்துச் சிரித்தது. மேயர் சிரித்துச் சிரித்து ஒரு பூசணிமேல் உட்கார்ந்துவிட்டார். மிரேய் முகத்தைக் கைக்குட்டையால் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்தது உண்மையான கஷ்டம். அர்மான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "எடுத்துக்கோ. நீ பாத்தாச்சு, ஊரும் பாத்தாச்சு. எரிச்சுடு."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் மிரேய். "என்னை யாரு இவ்வளவு பெருசா செஞ்சிருக்காங்க? மேயருக்குக்கூடத் தபால்தலை அளவுக்குத்தான் படம்."

"அப்ப வாத்து?"

இருவரும் சேர்ந்து வாத்தை நினைத்தார்கள். வாத்து உள்ளே கொக்கியில் தொங்கி, வயிற்றில் கஷ்கொட்டைகளை நிரப்பிக்கொண்டு, தன் விதி தெரியாமல் காத்திருந்தது.

கிஸ்லேன் தொண்டையைச் செருமினாள். "அழகா இருக்கு, ஒத்துக்கறேன். இதைப் போய் எரிக்கிறதாவது! பாவம். டிராக்டரை எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?" அவள் உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். அதுதான் மிரேய்க்குத் தாங்கவில்லை. வன்மத்தைத் தாங்கலாம், கிஸ்லேனின் இரக்கத்தைத் தின்று செரிக்க எருமை வயிறு வேண்டும்.

மிரேய் தன் முகத்தை ஒரு தடவை உச்சி முதல் தாடை வரை பார்த்தாள். பிறகு கழுத்துத் துணியை இழுத்து முடிச்சைச் சரிசெய்தாள்.

"நன்றி கிஸ்லேன். உன் கட்டை உன் வீட்டுக்கே இருக்கட்டும். என் வீட்டு வாத்து என் வீட்டு விறகுல வேகும். அர்மான், விடியறதுக்கு முன்னாடி எடுக்க ஆரம்பி. தாடைலேர்ந்து தொடங்கு. ரெட்டைத் தாடை வெச்சிருக்கே, நான் பாக்கலைன்னு நெனச்சியா?"

"அது நெழலு" என்றான் அர்மான்.

"நெழலை மொதல்ல எரி."

அன்று சாயங்காலம் இருட்டும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மிரேய் முகம் கழுவி, நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வரிசையில் வந்து ஒவ்வொருவரும் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்த் தீயணைப்பு வண்டியும் தாமதமாக வந்து சேர்ந்தது, அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அர்மானைக் கூப்பிட்டால் அவன் சக்கரவண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இழுத்து வந்து நிறுத்தியபோது அவன் காது இரண்டும் செர்ரிக் கட்டை நிறத்தில் இருந்தன.

விடியற்காலையில் அவனே எடுத்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு கட்டையையும் இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து அடுப்பு வாயில் கொடுத்தான், ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கொடுப்பதுபோல. "இது மூக்கு" என்றான். "பெரிய மூக்கு, ரொம்ப நேரம் எரியும்" என்றாள் மிரேய். அடுப்பு வாங்கிய உடனே கட்டை பற்றியது. புகையே இல்லை. கல் கறுத்தது, பிறகு வெளுத்தது, கதவைத் திறந்தால் புருவம் கருகும் அளவுக்குச் சூடு ஏறியது. தணலை வாரித் தள்ளிவிட்டு வாத்தை உள்ளே விட்டாள்.

மதியம் சேன் மர்தேன் வெயில் வந்தது; நவம்பரில் இரவல் வாங்கிய கோடை. மேஜைகளை முற்றத்துக்கே கொண்டுவந்தார்கள். ஒன்பது மாமியார்களும் விரிக்கப்பட்டார்கள். ஒன்றுக்கொன்று ஜோடி சேராத பூப்போட்ட தட்டுகள், நடுவில் சிவந்த கொடி, பேரிக்காய்கள். பூண்டு சூப்பு காலியாகும் தறுவாயில், ஊர் வழக்கப்படி அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அதில் சிவப்புத் திராட்சை மதுவை ஊற்றிக் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார்கள். குடித்த சத்தம், பத்து மாடு சேர்ந்து தண்ணீர் குடித்ததுபோல் பள்ளத்தாக்கில் எதிரொலித்தது.

அப்புறம் வாத்து வந்தது. மிரேய் தூக்கி வந்தாள், தியெரி உதவிக்கு வந்தபோது முழங்கையால் தள்ளிவிட்டாள். தோல் பொன்னிறம் என்று சொன்னால் பொன்னுக்குக் கோபம் வரும். கத்தி பட்டதும் தோல் நொறுங்கிய சத்தத்தில் மேஜையடியில் தூங்கிய பூனை எழுந்து அரை மைல் ஓடியது.

எல்லோர் கண்ணும் கிஸ்லேன் தட்டில். அவள் ஒரு துண்டு வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். மிரேய் கையில் கத்தியோடு நின்றாள், அது வாத்துக்கா கிஸ்லேனுக்கா என்று யாருக்கும் தெரியவில்லை.

"என்ன கட்டைடி இது?" என்றாள் கிஸ்லேன் கடைசியில்.

"கன்னம்" என்றான் அர்மான்.

கிஸ்லேன் தட்டை நீட்டினாள். "அந்தக் கன்னத்துல இன்னொரு துண்டு வை."

முதலில் எழுந்து நின்றது மேயர். அவருக்குப் பின் தியெரி. பிறகு மேஜை முழுக்க எழுந்து கைதட்டியது. கிஸ்லேன் வாய் நிறைய இறைச்சியோடு எழுந்து தட்டினாள், ஒரு கையில் தொடை எலும்பு இருந்ததால் மேஜையில் அடித்தாள். மிரேய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை; அர்மானுக்கு வந்தது.

"என் பொண்டாட்டி" என்றான். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் புதுச் செய்தி அறிவிப்பதுபோல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்.

மறுநாள் அர்மான் சக்கரவண்டி நிறையப் பச்சைக் கட்டையோடு சாலைப் பக்கம் போனான். அடுக்கின் நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு ஓட்டை. சுற்றிலும் கூந்தலும் ஒரு தோடும் மட்டும் மிச்சம். ஓட்டை வழியாகப் பார்த்தால் மிரேயின் சமையலறை ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் மிரேய் தெரிந்தாள்.

"அதை அடைக்காதே!" என்று கத்தினாள்.

"ஊர்ல ஓட்டை அடுக்குன்னு சொல்லுவாங்களே."

"சொல்லட்டும். ஏன் ஓட்டைன்னு மொதல்ல கேக்கட்டும், நான் கதை சொல்றேன்."

அதற்குள் வெளியூர்க் கார் ஒன்று வேகம் குறைந்து, ஓட்டைக்கு நேராக வந்து நின்றது. ஓட்டுகிறவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். மிரேய் ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு, உதட்டுச்சாயத்தைத் தேடிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.